வானம் வெளிவாங்கும் வரை: மழைநாட்டில் தமிழ்ச் சொற்கள்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. நாள்தோறும் நம் தலைக்கு மேலே நிற்பது. நான்கைந்து நாள் விடாது மழை பெய்து, வானம் மூடிக் கிடக்கும்போது நம் உள்ளம் சோர்கிறது. ஒரு கீற்று வெயில் தெரியாதா என்று கண் சாளரத்தை நாடுகிறது. இந்தச் சோர்வையும் ஏக்கத்தையும் தமிழில் எப்படிச் சொல்வது? வகுப்பறையில் ஒரு மாணவன் இதைச் சொல்ல முயன்றால், நாம் அவனுக்கு எந்தச் சொற்களைக் கொடுக்கிறோம்?

இது வானிலை பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் மொழி பற்றிய கேள்வி. ஒரு மொழி ஒரு நிலத்தில் வளர்ந்து, மற்றொரு நிலத்தில் வாழ வரும்போது, அதன் சொற்களுக்கும் புதிய வானத்துக்கும் இடையே என்ன நேர்கிறது என்பதே இன்று நாம் ஆராய விரும்புவது.

நம் தலைக்கு மேலுள்ள வானம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் அமைந்துள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பத்து நிமிடமே. லண்டன் போன்ற வடபுல நகரங்களில் கோடையில் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைகிறது. அங்குள்ளோர் கோடைக்கு ஏங்குவதன் காரணம் இதனால் விளங்கும். நமக்கோ பகலின் நீளம் குறைவதில்லை, பகல் மங்குகிறது. ஞாயிறு தன் நேரத்தில் எழுந்து தன் நேரத்தில் சாய்கிறது. இடையே முகில் நிற்கிறது.

இங்கே ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி அளவு ஏறத்தாழ 2,110 மில்லிமீட்டர். சென்னையில் அது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். நம்முடைய மழை ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது எனினும், வடகிழக்குப் பருவக்காற்றின் முற்பகுதியாகிய டிசம்பரும் ஜனவரியும் தனித்தன்மை உடையவை. பெருநிலப்பரப்பின் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அக்காற்று வலுக்கும்போது, பிற்பகலில் இடியோடு பெய்து ஓயும் வழக்கமான மழை மாறி, நாள் முழுதும் சன்னமாகவும் வலுவாகவும் மாறி மாறிப் பெய்யும் மழை தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 10, 11 ஆகிய இரு நாள்களில் மட்டும் சாங்கியில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அது ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியை விட மிகுதி. அந்த வாரம் எந்த வாரம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 14ஆம் நாள் பொங்கல். கதிரவனுக்கு நன்றி கூறும் திருநாளுக்கு நாம் அணியமாகிக்கொண்டிருந்த நாள்களில், கதிரவன் கண்ணில் படவே இல்லை.

பருவத்தின் பெயரும் பருவமும்

நம் மாணவர்கள் ஆறு பருவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவை தமிழகத்து நிலத்தையும் வேளாண்மையையும் உற்று நோக்கி வகுக்கப்பட்ட பெயர்கள். அந்நிலத்துக்கு அவை மிகப் பொருந்தும்.

இங்கே மார்கழி, தை மாதங்களில் பனி பெய்வதில்லை. மழையின் உச்சம் அப்போதுதான். மாசி, பங்குனியில் வானம் வெளுத்து, புல் மஞ்சளிக்கிறது. முதுவேனில் என்று நாம் கற்பிக்கும் ஆனி, ஆடி விடியல்களிலோ சுமத்திராப் பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் பாய்ந்து வருகின்றன. எனவே பருவப் பெயர் ஒரு பக்கமும் பருவம் மறுபக்கமுமாக நிற்கின்றன. மாணவன் தேர்வில் ‘முன்பனி’ என்று எழுதி மதிப்பெண் பெறுகிறான். எழுதி முடித்துக் குடை விரித்து வீடு செல்கிறான்.

இதனால் அப்பெயர்களைக் கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவற்றுள் ஒன்றைச் சற்று இடம் மாற்றிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். கூதிர் என்பது மழையும் குளிர்காற்றும் கலந்த பருவம். ‘கூதலடிக்கிறது’ என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லும் கூதிர் என்ற சொல்லும் உறவுடையவை. நம் டிசம்பரும் ஜனவரியும் பனிக்காலம் அல்ல. அவை நம் கூதிர். காற்றின் பெயரும் அப்படியே. வடக்கிருந்து வரும் குளிர்காற்றுக்கு வாடை என்றும், கிழக்கிருந்து வருவதற்குக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதற்குத் தென்றல் என்றும் முன்னோர் பெயரிட்டனர். ஜனவரியில் நம் அடுக்குமாடித் தாழ்வாரங்களில் நுழையும் காற்று சொல்லுக்குச் சொல் வாடைதான். பழஞ்சொல் அருஞ்சொற்பொருள் பட்டியலில் உறங்குகிறது. அதன் பொருள் நம் கதவைத் தட்டுகிறது.

மக்கள் வழக்கு தானாகவே இவ்வாறு இடம் மாறிக்கொள்வதும் உண்டு. தமிழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. சிங்கப்பூர்த் தமிழர் ‘ஜூன் விடுமுறை’ என்கிறார்கள். யாரும் குழு அமைத்து இதை முடிவு செய்யவில்லை. இங்கே கோடை என ஒரு தனிப்பருவம் இல்லை என்பதைப் பேசுவோர் நா அறிந்துகொண்டது.

தண்மையும் வெம்மையும்

இனி, நம் மொழியின் உள்ளே சென்று பார்ப்போம். மகிழ்ச்சியைத் தமிழ் எவ்வாறு சொல்கிறது? மனம் குளிர்ந்தது, கண் குளிரக் கண்டோம், உள்ளம் குளிர வாழ்த்தினார். துன்பத்தையும் சினத்தையும் எவ்வாறு சொல்கிறது? மனம் வெந்தது, வயிறு எரிந்தது, உள்ளம் கொதித்தது, கேட்டதும் சுட்டது. நல்லதெல்லாம் தண்மையின் பக்கம். தீயதெல்லாம் வெம்மையின் பக்கம். ஆங்கிலத்தில் நல்ல வரவேற்பைச் சூட்டோடு சேர்த்துச் சொல்வர். தமிழில் ஒருவருக்குச் சூடு கொடுத்தோம் என்றால் பொருளே வேறு.

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் பழமொழி. மன்னனின் குடையைக்கூடக் குடிகளுக்கு நிழல் தருவதாகவே புலவர் பாடினர். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வருவது வான்சிறப்பு. வறண்ட நிலத்தில், ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த மக்களின் மொழி மழையை வாழ்த்தியதில் வியப்பில்லை. ஆங்கிலக் குழந்தைப் பாடலொன்று மழையைப் போகச் சொல்கிறது. தமிழ்க் குழந்தைப் பாடல்களோ மழையை வா வா என்று அழைக்கின்றன. நம் பாலர் பள்ளிப் பிள்ளை இரண்டையும் ஒரே நாளில் பாடுகிறது.

வெயில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வெம்மை, வெப்பம், வேனில், வேதல் ஆகியவற்றோடு பிறந்த சொல் அது. ஞாயிற்றிலிருந்து நம்மை வந்தடைவனவற்றுள் சூட்டையே அச்சொல் முதலில் சுட்டுகிறது. ஆகவே ‘வெயில் வேண்டும்’ என்று ஒரு குழந்தை எழுதும்போது, சொல்லின் வேர் அதைப் பின்னே இழுக்கிறது. ஆசிரியரின் சிவப்பு மையும் சில வேளை சேர்ந்து இழுக்கிறது. மழை என்றால் மகிழ்ச்சி, வெயில் என்றால் கொடுமை என்பது கட்டுரை எழுதுவதில் ஒரு வாய்பாடாகிவிட்டது.

ஆனால் இங்கே ஒன்றை நுணுகிக் காண வேண்டும். தமிழ் வெம்மையை வெறுத்தது, ஒளியை வெறுக்கவில்லை. துன்பம் தீர்வதை விடிவு என்கிறோம். ஐயம் நீங்குவதைத் தெளிவு என்கிறோம். மகிழ்ந்த முகம் மலர்கிறது. வருந்திய முகம் இருள்கிறது. சிலப்பதிகாரம் தன் வாழ்த்தில் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் ஒருங்கே போற்றுகிறது. திருமுருகாற்றுப்படை தொடங்குவதே கடல்மேல் எழும் ஞாயிற்றைக் காட்டித்தான். அவ்விடங்களில் ஞாயிறு சுடுபொருளாக வரவில்லை. இருள் நீக்கும் பொருளாக வருகிறது.

நான்கு நாள் மழைக்குப் பின் நாம் ஏங்குவதும் சூட்டுக்காக அன்று. சிங்கப்பூரில் சூட்டுக்குக் குறைவில்லை. நாம் ஏங்குவது ஒளிக்கு, துணி உலர்வதற்கு, தொலைவு தெரிவதற்கு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், நம் ஏக்கத்துக்குத் தமிழில் இடமுண்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

மழையைப் போகச் சொன்னவர்கள்

மழையைச் சலித்துக்கொள்வது தமிழ் மரபுக்கு மாறானது என்று சிலர் கருதக்கூடும். மரபை முழுமையாகப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது.

புறநானூற்றின் 143ஆம் பாடலைப் பாடியவர் கபிலர். பேகனின் மலைநாட்டுக் குறவர் அதில் வருகிறார்கள். மழை வேண்டியபோது அவர்கள் பலி தூவி வேண்டுகிறார்கள். மழை மிகுந்தபோதோ, முகில்கள் மேலே செல்லட்டும் என்று அதே கடவுளை வேண்டுகிறார்கள். மழை நின்றதும் மகிழ்கிறார்கள். சமவெளி உழவனுக்கு மழை வருவது மகிழ்ச்சி. மலைநாட்டுத் தினைக்கொல்லைக்காரனுக்கு அது நிற்பதும் மகிழ்ச்சி. இரண்டும் தமிழே. மழை மிகுந்த நிலத்தில் வாழும் நாம், இவ்வகையில் அக்குறவருக்கு உறவினர்.

நெடுநல்வாடையைக் காண்போம். பத்துப்பாட்டுள் 188 அடிகளால் ஆன இந்நூலை நக்கீரர் பாடினார். மழையும் வாடையும் ஒரு நகரத்தை என்ன செய்கின்றன என்பதை இதைவிட நுட்பமாகச் சொன்ன பழந்தமிழ்ப் பாடலை நாம் அறியோம். இடையர்கள் தாழ்நிலத்தை விட்டு மேட்டுக்கு ஏறி, தீயில் கை காய்ச்சி நிற்கிறார்கள். குரங்குகள் ஒடுங்குகின்றன. கறவை மாடுகள் பால் குடிக்க வரும் கன்றை உதைக்கின்றன. நகரத்து மாளிகைகளில் விசிறிகள் மடங்கித் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. குளிர்நீரை யாரும் நாடவில்லை. வேனிலுக்காகச் செய்துவைத்த இன்பங்கள் எல்லாம் பயனற்றுப் போகின்றன.

அதில் ஒரு செய்தி நம்மை எப்போதும் நிறுத்தும். வானம் மூடியிருப்பதால் மாலை வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பெண்கள் பூத்தட்டில் இட்டிருந்த பிச்சி அரும்புகள் இதழ் விரித்து மணக்கின்றன. அந்த மணத்தால் பொழுதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். மூடிய வானத்தின் துயரம் எதில் இருக்கிறது என்பதைப் புலவர் அறிந்திருந்தார். நனைவதிலும் குளிர்வதிலும் அது முடிவதில்லை. பொழுது தெரியாமல் போவதில், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் முகம் ஒன்றாகிவிடுவதில் அது இருக்கிறது.

கார்காலத்தை முல்லைத் திணைக்கும் கூதிரைக் குறிஞ்சிக்கும் தொல்காப்பியர் உரிமையாக்கினார். கார் தொடங்கும்போது திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனைக் காத்துத் தலைவி இருக்கிறாள். முகில் திரண்டுவிட்டது, அவன் வரவில்லை. தோழியோ, இது கார் அன்று, காலம் தப்பி வந்த வம்பமாரி என்று தேற்றுகிறாள். வானத்தைப் பார்த்து உள்ளம் வாடுவதும், அதைச் சொல்லால் ஆற்றுவதும் நம் இலக்கியத்துக்குப் பழக்கமானவை. ஆகவே மழைநாளின் சோர்வைச் சொல்ல நாம் வேற்று மொழியிடம் கடன் கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்து வானம்

பழைய ஏட்டில் மட்டுமின்றி, இம்மண்ணிலேயே தமிழர் மழையை எதிர்நோக்கிய வரலாறு ஒன்றும் உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் பலர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மழைக்காகக் காத்திருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள், மழை விடக் காத்திருக்கும் தொழிலில் இறங்கினர்.

பால்மரம் வெட்டுவோருக்கு இரவில் பெய்த மழை கெட்ட செய்தி. மரப்பட்டை ஈரமாக இருந்தால், வெட்டிய கோட்டின் வழியே இறங்க வேண்டிய பால் பட்டையெங்கும் பரவி ஒழுகிவிடும். வெட்டிய பின் மழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பால் நீரோடு கலந்து வழிந்துவிடும். வெட்டு இல்லையெனில் அன்றைய கூலி இல்லை. மரம் காயட்டும் என்று காத்திருந்து வெயில் ஏறிய பிறகு வெட்டினாலோ பால் குறைவாக இறங்கும். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். எனவே அவர்கள் வேண்டியது சுடும் வெயிலை அன்று. இரவு மழையற்றிருக்க வேண்டும், விடியல் தெளிந்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுதல். ஒளியும் வெம்மையும் வேறு வேறு என்று நாம் சற்று முன் மொழியில் கண்டதை, அவர்கள் தங்கள் கூலியில் கண்டார்கள்.

விடியற்காலை இருட்டில் எழுந்து, பெரட்டுக்குப் போகும் முன் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது அவ்வீடுகளில் நாளின் முதல் வேலை. அந்தப் பார்வைக்குப் பல சொற்கள் தேவைப்பட்டன. பெய்யுமா, நிற்குமா, விட்டுவிட்டுப் பெய்யுமா, வெளுக்குமா என்பதில் அன்றைய அடுப்பு அடங்கியிருந்தது. தேவை இருந்த இடத்தில் சொற்களும் கூர்மையாக இருந்தன. அச்சொற்களுட் சிலவற்றை இப்போது வரிசைப்படுத்துவோம்.

மூடுதல், பிடித்தல், விடுதல்

முதலில் வானம் மூடுவது. மப்பு, மந்தாரம், மூட்டம், மூடாப்பு என்பன முகில் கவிந்த நிலையைச் சொல்வன. ‘மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது’ என்ற தொடரில் வானம் மட்டுமன்றி, அதன் கீழ் இருப்பவரின் மனநிலையும் சேர்ந்தே ஒலிக்கிறது. மந்தம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்பதால் செவிக்கு அப்படிப்படுகிறது.

அடுத்து மழை நீடிப்பது. தூறல் என்பது துளித்துளியாக விழுவது. சாரல் என்பது காற்றோடு சாய்ந்து வந்து மேலே படுவது. பெருமழைக்குப் பின்னும் காற்றில் சிதறி நிற்பது தூவானம். ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்னும் பழமொழியில், துன்பம் நீங்கியும் அதன் எச்சம் நீங்காத நிலை அமைந்துள்ளது. அடைமழை என்பது வெளியே செல்ல விடாமல் நம்மை உள்ளே அடைத்துவிடும் மழை. வீட்டுக்குள் துணிகள் நமுத்துக் கிடக்கும். சுவரிலும் தோல்பையிலும் பூசணம் பூக்கும். பூசணத்துக்கும் ‘பூத்தல்’ என்ற சொல்லையே தந்த நம் மொழியின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது.

மூன்றாவது மழை நீங்குவது. இங்கேதான் தமிழின் செல்வத்தைக் காண்கிறோம். மழை நின்றது என்பது செய்தி மட்டுமே. மழை ஓய்ந்தது என்றால் அதுவும் நம்மைப் போலக் களைத்துவிட்டது என்று பொருள்படும். மழை விட்டது என்றால் பிடி தளர்ந்தது. மழை ‘பிடித்துக்கொள்ளும்’, பின்பு ‘விடும்’. காய்ச்சல் விட்டது, பள்ளி விட்டது என்பவற்றில் உள்ள விடுதலையே இதிலும் உள்ளது. மழை வெறித்தது என்று தென்தமிழ் நாட்டார் சொல்வர். முகில் காலியாகி வானம் வெறுமையாவது அதன் பொருள். வானம் வெக்காளித்தது என்று சொல்வாரும் உளர்; முகிலின்றித் தெளிந்துவிட்டது என்பது பொருள்.

இவை அனைத்தினும் நாம் விரும்பும் சொல் வெளிவாங்குதல். கடல் பின்னே செல்லும்போது உள்வாங்கியது என்கிறோம். வானம் தெளியும்போது வெளிவாங்கியது என்கிறோம். முகில் ஒதுங்க ஒதுங்க, வானம் தன் வெளியைத் தானே மீட்டுக்கொள்கிறது. மழைக்குப் பின் வரும் ஒளியை விரும்புகிற மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைப்பதரிது. ஆயினும் இதை அறிந்த மாணவர் மிகச் சிலரே.

கடைசியாக வெயில் வருவது. வெம்மையில் பிறந்த அச்சொல்லுக்கு முன்னே ஒரு சொல்லைச் சேர்த்துத் தமிழர் அதை மென்மையாக்கினர். காலையில் வருவது இளவெயில். மாலையில் சாய்வது மஞ்சள் வெயில். ‘வெயில் தாழ வாருங்கள்’ என்பது கடிகாரம் இல்லாத நேரக்குறிப்பு. வெயில் காய்தல் என்றொரு வினையும் நம்மிடம் உண்டு. குளிர்ந்த உடல் வெயிலில் சும்மா இருப்பது அது. குளிர்காய்தல் என்பது சொல்லமைப்பில் புதிர் போலத் தோன்றும். குளிர் நீங்கக் காய்வது என விரித்தால் தெளியும். வெயில் சுடும் என்று அஞ்சிய மொழியிலேயே, வெயிலை நாடிச் சென்று அமர்வதற்கும் ஒரு சொல் இருக்கிறது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்

இச்சொற்களை எண்ணி மகிழ்வதற்காக மட்டும் நாம் இங்கே கூடவில்லை. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளரில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பத்தாண்டில் நேர்ந்த மாற்றம் இது.

ஒரு மொழி வீட்டை விட்டு நீங்குவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் சிறு உணர்வுகள் அம்மொழியை விட்டு நீங்குகின்றன. காலையில் சாளரத்தைத் திறந்து ‘இன்றும் இப்படியா’ என்று சலித்துக்கொள்வது, மூன்றாம் நாள் வெயிலைக் கண்டு வியப்பது, துணி காயவில்லை என்று முணுமுணுப்பது ஆகியவை மிகச் சிறியவை. ஒரு நாளில் நாம் பேசும் பேச்சில் பெரும்பகுதி இத்தகையதே. இவற்றை ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் உணர்ந்து, திருவிழாவையும் தேர்வையும் மட்டும் தமிழில் சொல்லுமானால், தமிழ் அப்பிள்ளைக்கு விருந்தினர் மொழி ஆகிவிடும். விருந்தினர் எவ்வளவு மதிக்கப்பட்டாலும் ஒரு நாள் விடைபெற்றுச் செல்பவரே.

எனவே ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஆறு பருவங்களைக் கற்பிக்கும்போது, அவை எந்த நிலத்தின் பருவங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பட்டியலின் பக்கத்தில் நம் நாட்டின் வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று, அவற்றின் இடைப்பட்ட காலங்கள் ஆகியவற்றையும் எழுதச் செய்யுங்கள். கூதிர், வாடை என்னும் சொற்களை ஜனவரியில் கற்பியுங்கள். சாளரத்தைத் திறந்துவைத்துக் கற்பியுங்கள்.

இரண்டாவது, பள்ளி தொடங்கும் ஜனவரியில் வகுப்புக்கு ஒரு வானக் குறிப்பேடு வையுங்கள். நாளுக்கு ஒரு மாணவர், ஒரே ஒரு வரி. நேற்று எழுதிய சொல்லை இன்று எழுதக் கூடாது என்பது மட்டுமே விதி. ‘மழை பெய்தது’ என்பது முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். பிறகு மாணவர் வீட்டில் பெரியோரைக் கேட்க வேண்டிவரும். தாத்தா, பாட்டியரிடம் கேட்பதற்கு நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கிடைக்கும். அவர்கள் சொல்லும் சொல் பேச்சு வழக்காக இருந்தாலும் ஏற்றுக்கொண்டு, அதன் எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரு மாத முடிவில் அக்குறிப்பேடு ஒரு சிறு அகராதியாகும்.

மூன்றாவதே நமக்கு முதன்மையானது. மழை பெய்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, வெயில் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பிள்ளை எழுதினால், அதைத் தவறு என்று திருத்தாதீர்கள். அது நிலத்தை உணர்ந்து எழுதிய வாக்கியம். கருத்தை விட்டுவிட்டுச் சொல்லைச் செப்பனிடுங்கள். ‘வெயில் வந்தால்’ என்று எழுதிய இடத்தில் ‘வானம் வெளிவாங்கினால்’ என்று எழுதலாமா என்று கேளுங்கள். உணர்வு அப்பிள்ளையுடையது, சொல்லைத் தருவது நம் கடமை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். அடுத்த முறை மூன்று நாள் விடாமல் மழை பெய்து, விளையாட்டுத் திடல் வெறிச்சோடி, உங்கள் காலணி உலராமல், மனம் எதிலும் பதியாமல் இருக்கும்போது, அந்த நிலையைத் தமிழில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமோ நண்பரிடமோ சொல்லுங்கள். சரியான சொல் உடனே வராமற்போகலாம், தேடுங்கள். சொல் கிடைத்தவுடன் மழை நின்றுவிடப் போவதில்லை. ஆனால் சோர்வுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதைச் சுமப்பது எளிதாகும். நெடுநல்வாடையின் பெண்கள் ஒரு பூவின் மணத்தைக் கொண்டு பொழுதை அறிந்ததுபோல, ஒரு சொல்லைக் கொண்டு நாமும் நம் நாளை அறியலாம்.